அப்பா ஏன் மீட்டர் பார்க்கிறார்

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். படிப்பதற்கு முன்னால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். மாமாவிடம் கண்டிப்பாகக் காட்ட வேண்டாம். மாமா நல்லவர்தான். ஆனால் இருபது வருடமாகப் பஸ்ஸில் கண்டக்டராக இருப்பதால், ரகசியத்தையும் டிக்கெட் மாதிரி ஆளுக்கொன்றாகக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார். போன விடுமுறையில் நான் கணக்கில் பதினொன்று வாங்கியதை உங்கள் காதில் மட்டும்தான் சொன்னேன். மறுநாள் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு காய்கறிக்காரர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

'இங்கு அனைவரும் நலம்' என்று தொடங்கினால்தான் கடிதத்துக்கு முழு மதிப்பெண் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்த மதிப்பெண் வேண்டாம், அத்தை. நீங்களும் மாமாவும் சுகமாக இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனால் இங்கே அப்பா நலமாக இல்லை. அப்பாவைப் போல நலமானவர் ஆலையிலேயே கிடையாது என்று கம்பெனி அச்சடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது. அதுதான் பிரச்சினை. அதற்குக் காரணம் நான்தான். அது யாருக்கும் தெரியாது.

இதைக் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய அறை இது ஒன்றுதான். வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் என் பூகோளப் புத்தகத்தை வைத்து, அதன்மேல் தாளை வைத்திருக்கிறேன். சந்தேகம் வராமலிருக்கக் குழாயை நூலாகத் திறந்துவிட்டிருக்கிறேன். எழுத்து எங்காவது கலைந்திருந்தால் அது குழாய்த் தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். அது ஷிப்டுக்கு அலாரம் அடிப்பதற்காக அப்பாவின் தலையணைக்கு அடியில் தூங்குகிறது. போன் மட்டும்தான் தூங்குகிறது. அப்பா மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது.

அப்பா அமில ஆலையில் பம்பு அறையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கந்தகத்தை எரித்து, அந்தப் புகையை அமிலமாக மாற்றுகிறார்கள். புகை முழுவதும் அமிலமாகிவிடுகிறது என்று கம்பெனி சொல்கிறது. முழுவதும் ஆகிவிட்டால் எங்கள் தெருவுக்கு வருவது என்ன என்று அம்மா கேட்கிறாள். காலையில் எழுந்ததும் எங்கள் தெருவில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். மழைக்காக இல்லை. புகைபோக்கியின் வால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். வால் நம் பக்கம் என்றால் துணி காயப்போடக்கூடாது, ஜன்னல் திறக்கக்கூடாது, பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் ஓடச் சொல்லமாட்டார். ஓடினால் வாயால் மூச்சு வாங்கி அரை வகுப்பு இருமும். நீங்கள் போன வருடம் வந்தபோது பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடா இது, கட்டு கட்டா தீக்குச்சியக் கொளுத்தின மாதிரி நெடி!" என்று கேட்டீர்கள். நாங்கள் எல்லோரும், "நெடியா? எங்கே?" என்று சிரித்தோம். அப்பாதான் அதிகம் சிரித்தார். "பழகிடும்க்கா" என்றார்.

பிறகு ஒருநாள் அறிவியல் ஆசிரியர் கந்தக டை ஆக்சைடு பாடம் நடத்தினார். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் நடத்தினார். "அந்த வாயு ஈரத்துல பட்டா அமிலமாயிடும். கண்ணு ஈரம், தொண்டை ஈரம், உள்ள நுரையீரல் வரைக்கும் போற குழாய் மொத்தமும் ஈரம். அது பட்டதும் குழாய் சுருங்கிக்கும். தினமும் பட்டுக்கிட்டே இருந்தா சளி கட்டும், இருமல் நிரந்தரமா குடித்தனம் வந்துடும்" என்றார். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "எங்கப்பா அதெல்லாம் பழகிடும்னு சொல்றாரே சார்?" என்று கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மூக்குதாம்மா பழகும். நுரையீரல் பழகாது" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து நான் அப்பாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். அப்பாவின் முன்பற்கள் தேய்ந்த சாக்பீஸ் மாதிரி ஆகிவிட்டன. காற்றில் இருக்கும் அமிலத்துளி பல்லையும் கரைக்குமாம், அறிவியல் ஆசிரியரிடம் யாருக்கோ என்று சொல்லித் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால்தான் அப்பா இப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். அப்புறம் படி. எங்கள் வீடு இரண்டாவது மாடி அல்லவா? அப்பா ஏழாவது படியில் நின்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார். போகும்போது இல்லை, வரும்போது மட்டும். பாவம், வார் தளர்ந்துவிட்டது என்று அம்மா வாரே இல்லாத செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டாள். அப்பா இரண்டு நாள் வாரில்லாத செருப்பின் வாரையே சரிசெய்துகொண்டிருந்தார். மூன்றாம் நாளிலிருந்து மீட்டர் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஏழாவது படிக்குப் பக்கத்துச் சுவரில்தான் எல்லா வீட்டு மின்சார மீட்டரும் இருக்கும் பெட்டி இருக்கிறது. அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு மீட்டராகப் பார்ப்பார். எதிர்வீட்டுக்காரர் எத்தனை யூனிட் ஓட்டினார் என்பது எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.

போன மாதம் ஆலையில் எல்லோருக்கும் மூச்சுப் பரிசோதனை என்று தாள் வந்தது. ஒரு குழாயில் வாயை வைத்து ஊத வேண்டும். தேறாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். முன்பு தேறாத ஒரு பெரியவரை வாசல் கேட்டில் உட்காரவைத்தார்கள், பிறகு கேட்டுக்கு ஆள் வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள், அது கம்பெனி வீடு என்பதால் பிறகு வீட்டைவிட்டும் அனுப்பினார்கள். அதனால் அப்பா அம்மாவிடம் சொல்லவில்லை. மாடிப்படிக்குக் கீழே சித்தப்பாவின் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்று சித்தப்பாவிடம் மட்டும் சொன்னார். நான் பால் வாங்கிக்கொண்டு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டேன். இரண்டு பேர் முகமும் செத்துப்போயிருந்தது. சிரிக்கவைக்கலாம் என்றுதான், அத்தை, சத்தியமாக அதற்காகத்தான், சொன்னேன்: "பேசாம சித்தப்பாவ அனுப்புங்கப்பா. ரெண்டு பேரும் ஒரே மூஞ்சிதானே? பேண்டு செட்டுல ட்ரம்பெட் ஊதுற ஆளு. அவர் ஊதினா மெஷின் போய் கூரையில ஒட்டிக்கும்."

அவர்கள் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் நகைச்சுவைக்குப் பெரியவர்கள் சிரிக்காவிட்டால் உடனே ஓடிவிட வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

மீசை மட்டும்தான் வித்தியாசமாக இருந்தது. அப்பாவின் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்தான் சித்தப்பாவின் மீசையைக் கத்தரித்தேன். இடதுபக்கம் கொஞ்சம் அதிகம் போய்விட்டது. அதற்குச் சமமாக அப்பா தன் மீசையிலும் இடதுபக்கத்தைக் குறைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் ஒரே கடைக்குப் போனீங்களா? அந்தக் கடைக்கு இனிமே போகாதீங்க" என்றாள் அம்மா.

அப்புறம் படிவம். அதில் பதினான்கு கேள்வி. "உன் எழுத்து குண்டு குண்டா அழகா இருக்கும், நீயே எழுதிடு கண்ணு" என்று அப்பா கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். நான் கேள்வியைப் படிக்க, அப்பா "இல்ல" என்பார், நான் 'இல்லை' என்று எழுதுவேன். ஒன்பதாவது கேள்விக்கு "இல்..." என்று தொடங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கழித்து, "...ல" என்று முடித்தார். கேள்வி, 'அடிக்கடி இருமல் வருகிறதா?' என்பது. நான் பதினான்கு 'இல்லை' எழுதினேன். இவ்வளவு அழகான கையெழுத்தில் யாருமே படிவம் கொடுத்ததில்லை என்று ஆலை மருத்துவர் பாராட்டினாராம்.

பரிசோதனைக்குக் கிளம்பும்போது அப்பா சித்தப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே சொன்னார்: "டேய், பாத்து ஊதுடா. தேறினா போதும். அங்க போய் கச்சேரி பண்ணிடாத."

"அண்ணே, நான் என்ன சின்னப் பிள்ளையா? சுமாரா ஒரு ஊது, ரெண்டு இருமல், வந்துடறேன்."

அவர் சுமாராகத்தான் ஊத நினைத்தாராம். அங்கே ஒரு நர்ஸ் அவர் மூக்கில் கிளிப்பை மாட்டி, குழாயை வாயில் வைத்து, திடீரென்று கத்தினாராம்: "ஊதுங்க! ஊதுங்க! இன்னும்! இன்னும்! விடாதீங்க! இன்னும்!" யாரிடமும் அப்படித்தான் கத்துவார்களாம். ஆனால் சித்தப்பாவின் பேண்டு மாஸ்டர் அந்த 'இன்னும்' என்ற ஒரே சொல்லை வைத்துத்தான் சித்தப்பாவைப் பதினெட்டு வருடம் அடித்து வளர்த்திருக்கிறார். திரும்பி வந்து ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து சித்தப்பா அழாத குறையாகச் சொன்னார்: "அந்த 'இன்னும்' காதுல விழுந்ததும் நான் யாருங்கிறதே மறந்துபோச்சு பாப்பா. அண்ணன் மறந்துபோச்சு, ஆலை மறந்துபோச்சு. மெஷின் கெட்டுப்போச்சுன்னு டாக்டர் எழுந்து வந்து வேற மெஷின் வச்சாரு. அதுலயும் ஊதினேன். மூணாவது தடவை கைதட்டிட்டாங்க. கைதட்டினப்புறம் ஒரு கலைஞன் எப்படிக் குறைச்சு ஊதுவான், நீயே சொல்லு."

"பல்லு?" என்று கேட்டார் அப்பா.

"அதையும் கேட்டாங்க. போன தடவை பல்லு தேஞ்சிருக்குன்னு எழுதியிருக்கேன்னாங்க. புதுசா கட்டிக்கிட்டேன்னு சொல்லிட்டேன். அழகா கட்டியிருக்காங்கன்னு டாக்டர் அந்தப் பல் டாக்டரோட விலாசம் கேக்கறாரு."

அந்த வயதுக்கு இருக்க வேண்டிய மூச்சில் நூற்றுமுப்பத்தொரு சதவீதம். நூற்றுக்கு மேல் மதிப்பெண் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுவாரம் அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். கீழே, 'பத்தொன்பது ஆண்டுகளாக நம் ஆலையின் காற்றைச் சுவாசித்தவர்' என்று எழுதியிருக்கிறது. கீழ்வீட்டு அக்காவின் குழந்தைக்கு வீசிங். வால் நம் பக்கம் சாயும் நாட்களில் அது தூங்குவதில்லை, அக்காவும் தூங்குவதில்லை. தெருப் பெண்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு புகையைப் பற்றிக் கேட்க அக்கா ஆலைக்குப் போனார். மேனேஜர் அப்பாவின் படத்தைக் காட்டி, "காத்து கெட்டதா இருந்தா இந்த மனுஷன் எப்படிம்மா இப்படி இருப்பாரு?" என்று கேட்டாராம். அக்கா திரும்பி வந்து, படியில் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம், "அண்ணே, நீங்க என்னதான் சாப்பிடறீங்க? சொல்லுங்க, குழந்தைக்கும் அதையே கொடுக்கறேன்" என்று கேட்டார். அப்பா மீட்டரைப் பார்த்தபடியே நின்றார். அக்கா போன பிறகும் நின்றார்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அவளுக்கு ஒரே பெருமை. வீட்டில் அப்பா இப்போது இருமவே முடியாது. தொண்டையைச் செருமினாலே, "நூத்திமுப்பத்தொண்ணு வச்சுக்கிட்டு என்னங்க இருமல்? கடைக்குப் போகச் சொன்னா மட்டும் வருது பாருங்க, நடிப்பு!" என்கிறாள். அதனால் அப்பா குளியலறைக்குள் வந்து, குழாயை முழுவதாகத் திறந்துவிட்டு இருமுகிறார். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. "உங்கப்பா மாதிரி சுத்தமான மனுஷனப் பாக்க முடியாதுடி, நேரத்துக்கு நேரம் குளிக்கிறாரு" என்று அம்மா என்னிடம் சொல்கிறாள். துண்டு நனையாமலே இருப்பதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அத்தை, இதுவரை சொன்னது எல்லாம் பழைய செய்தி. இப்போது பயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நல்ல நுரையீரலைப் பம்பு அறையில் வீணாக்கக்கூடாது என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. திங்கட்கிழமை முதல் அப்பாவுக்கு அடுப்பில் வேலை. அடுப்பு என்றால் கந்தகத்தை எரிக்கிற இடம். அங்கே இருந்தவர் மூச்சு சரியில்லை என்று போய்விட்டார். அதுமட்டுமில்லை. வாயு கசிந்தால் மணி அடிக்கும். எல்லோரும் வெளியே ஓட வேண்டும். மீட்புக்குழு மட்டும் உள்ளே ஓட வேண்டும். அப்பாவை அந்தக் குழுவுக்குத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். அடுப்புக்கு மேலே போக நாற்பத்தெட்டு இரும்புப் படி. நான் சித்தப்பாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கே மீட்டர் பெட்டி கிடையாது.

"வேணாம்னு சொல்லிடுங்கப்பா" என்றேன். "என்ன காரணம் சொல்றது? மூச்சு நல்லாருக்குன்னா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் ஏமாற்றினதற்கு அப்பாவையும் சித்தப்பாவையும் என்ன செய்வார்களோ. சொல்லாவிட்டால் திங்கட்கிழமை. நான் எந்தப் பக்கம் போனாலும் என் ஜோக் குறுக்கே நிற்கிறது.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வாருங்கள், அத்தை. அப்பா உலகத்தில் ஒருவருக்குத்தான் பயப்படுவார். நீங்கள் தினமும் ஐம்பது பேருக்கு எக்ஸ்ரே எடுக்கிறீர்கள், சட்டை போட்டிருந்தாலும் உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று அப்பாவே சொல்வார். சும்மா பார்க்க வந்த மாதிரி வந்து, காதைப் பிடித்து உங்கள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போங்கள். அங்கேயும் ஊதுகிற மெஷின் இருக்கும். அதில் அப்பாவின் வாயை வைத்து அப்பாவையே ஊதச் சொல்லுங்கள். சித்தப்பா கூட வந்தால் அவரை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். யார் எதற்கு 'இன்னும்' என்று கத்தினாலும் அவரால் தாங்கமுடியாது.

உங்கள் டாக்டர் கேட்பார் என்பதற்காக அந்தப் படிவத்தை மறுபடி நிரப்புகிறேன். கேள்வி எல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. கண் எரிச்சல் உண்டா? ஆம், ஷிப்டு முடிந்து வரும்போது சிவந்திருக்கும், தூசி என்பார். தொண்டைக் கரகரப்பு? ஆம். நெஞ்சு இறுக்கம்? ஆம், சட்டையில் மேல் இரண்டு பொத்தானைப் போடுவதேயில்லை, சித்தப்பாவுக்குத்தான் போட்டுவிட்டார். காலையில் சளி? ஆம். மூச்சில் விசில் சத்தம்? ஆம், கீழ்வீட்டுக் குழந்தைக்கு வருகிற அதே சத்தம், கொஞ்சம் கட்டையாக. தூக்கம் கெடுகிறதா? அது போனைக் கேட்டால் தெரியும். அடிக்கடி இருமல்? ஆம், ஆம், குழாயைக் கேளுங்கள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ஆம், ஏழாவது படியில் நிற்கிறார். பாக்கி எல்லாவற்றுக்கும் ஆம்தான். பதினான்காவது கேள்வி, 'உங்கள் உடல்நிலையைப் பற்றி நீங்களாகச் சொல்ல விரும்புவது ஏதேனும் உண்டா?' என்பது. அதற்கும் இல்லை என்றுதான் எழுதினேன். ஆனால் அப்பா அதற்கு மட்டும் உடனே பதில் சொல்லவில்லை, அத்தை. கொஞ்ச நேரம் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னவோ சொல்ல வந்தார். நான்தான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அதற்கு என்ன பதில் என்று எனக்கு

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா இல்லை. அம்மா தட்டினால் பேர் சொல்லிக் கத்துவாள். இது அப்பா. இரும வந்திருக்கிறார். உள்ளே நான் இருக்கிறேன், குழாய் என்னிடம் இருக்கிறது, வெளியே நின்று அடக்கிக்கொண்டு

பின்குறிப்பு.

அக்கா, உன் தம்பி எழுதறேன். பாப்பா எழுதினதை எல்லாம் படிச்சேன். அவ எழுதினது எதையும் நம்பாதே. சின்னப் பொண்ணு, பள்ளிக்கூடத்துல எதையாவது சொல்லி பயமுறுத்தி விட்டுடறாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. லேசா சளி. பல் தேஞ்சது வயசு. மூணு தலையணை முதுகு வலிக்கு. குழாய் விஷயம் சுத்தப் பொய், நான் குளிக்கத்தான் போறேன், துண்டு சீக்கிரம் காயற துண்டு. சின்னத் தம்பி மேலயும் தப்பில்ல, அவனைத் திட்டாதே, அவன் அன்னையிலேருந்து ட்ரம்பெட் சாதகமே பண்றதில்ல. நீ அவ்வளவு தூரம் அலைய வேணாம். மச்சானைக் கேட்டதாச் சொல்லு.

பாப்பா இங்கேயே வாளி பக்கத்துல சாஞ்சு தூங்கிட்டா. அழுதுட்டுத் தூங்கினா. அவ ஜோக்காலதான் எல்லாம் ஆச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. அது அவ ஜோக் இல்லக்கா. அவ சொல்றதுக்கு முந்தின நாளே நான் அதை நினைச்சுட்டேன். கேக்கத்தான் வெக்கமா இருந்துச்சு. இதை நீ வந்து அவகிட்ட சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா.

இன்னொண்ணு. அவ ஒரு இடத்துல தப்பா எழுதியிருக்கா. அதை மட்டும் திருத்திட்டு, காலையில ஷிப்டுக்குப் போறப்ப நானே தபால் பெட்டியில போட்டுடறேன். ஏழாவது படி இல்லக்கா. அஞ்சாவது. அஞ்சாவது படியில பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, அதனால ஏழு வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்து நிக்கறேன்.

சனிக்கிழமையே வந்துடு.